கேலரி கதவும் கார் டிக்கியும்: ஃபுளோரிடாவின் கறுப்பு ஓவியர்கள்

வட்டார ஓவியர் ஒருவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பு எப்படி இருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். இன்ன ஊரில் பிறந்தார். இன்ன கல்லூரியில் பயின்றார். இத்தனை தனிநபர் கண்காட்சிகள், இத்தனை குழுக் கண்காட்சிகள். சொந்த மண்ணின் இயற்கை மீது தீராத காதல் கொண்டவர். ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் ஈசலை நட்டு நேரில் பார்த்து வரைபவர். கண்காட்சிக் கையேட்டின் பின்னட்டையில் இப்படி நாலு வரி, பக்கத்தில் தாடியோடு ஒரு படம். இந்த நாலு வரியில் எதுவும் நமக்கு உறுத்துவதில்லை. கேலரி என்பது யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய இடம், ஆற்றங்கரை என்பது யார் வேண்டுமானாலும் நிற்கக்கூடிய இடம் என்று நினைத்துக்கொண்டு படித்துவிட்டுப் போகிறோம்.

இந்த இரண்டும் கிடைக்காதவர்கள் ஓவியர்களானால் என்ன நடக்கும்? இதற்கு விடை சொல்லக்கூடிய ஒரு சிற்றூர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஃபோர்ட் பியர்ஸ். கலைக்கல்லூரிகளில் படிக்கும் தோழர்களும், 'கலை கலைக்காகவா மக்களுக்காகவா' என்று விடிய விடிய விவாதிக்கும் தோழர்களும் இந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம்.

அட்லாண்டிக் கரையோரம், இந்தியன் ரிவர் என்று பெயர் பெற்ற நீண்ட காயலை ஒட்டியிருக்கிறது இவ்வூர். பெயரில்தான் ஆறு, உண்மையில் உப்பங்கழி. சுற்றிலும் ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் தோட்டங்கள். 1950களில் ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கறுப்பர்களுக்கு அவென்யூ டி என்ற தெருவைச் சுற்றிய பகுதி, அவர்களுக்கென்று லிங்கன் பார்க் அகாடமி என்ற தனிப் பள்ளி. ஊரும் சேரியும் என்றால் நமக்கு உடனே விளங்கும். அங்கே பிரிக்கும் கோடு நிறம், இங்கே பிறப்பு. பிரிவினை நடத்தும் காரியம் ஒன்றுதான். கறுப்பு இளைஞனுக்கு முன்னால் இருந்த வேலைகள் பழம் பறிப்பது, தக்காளி பறிப்பது, பெட்டி அடுக்கும் கொட்டகையில் சுமை தூக்குவது.

இதே ஊரில் பிறந்தவர்தான் ஏ.ஈ. பேக்கஸ். 1906இல் படகு கட்டும் ஒருவரின் மகனாகப் பிறந்த வெள்ளையர். நியூயார்க்கின் பார்சன்ஸ் பள்ளியில் சில மாதங்கள் பயின்றது தவிர அவரும் தானாகக் கற்றவரே. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்து, பின்னர் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலம், பனைமரக் கூட்டம், புயலுக்கு முந்தைய வானம் ஆகியவற்றை வரைந்து, மாநிலத்தின் நிலக்காட்சி ஓவியர்களில் மூத்தவர் என்று பெயரெடுத்தார். இன்று அவர் பெயரில் அவ்வூரில் அருங்காட்சியகமே இருக்கிறது. முன்னே சொன்ன பின்னட்டைக் குறிப்புக்கு அச்சாகப் பொருந்துகிற வாழ்க்கை.

ஆனால் அவரிடம் அந்தக் காலத்து வெள்ளையர்களிடம் அரிதாக இருந்த ஒன்று இருந்தது. அவருடைய ஓவியக்கூடத்தின் கதவு கறுப்பர்களுக்கும் திறந்திருந்தது. வாழ்வின் கடைசி ஆண்டுகளை ஃபோர்ட் பியர்ஸில் கழித்த எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனும் அவருக்கு நண்பர். (ஹர்ஸ்டன் 1960இல் அவ்வூரில் ஒரு நலவிடுதியில் ஏழையாக இறந்தார். பெயர்க்கல்லும் இல்லாமல் கிடந்த அந்தக் கல்லறையைத் தேடி 1973இல் ஆலிஸ் வாக்கர் போய்ச் சேர்ந்த கதை தனியே எழுதப்பட வேண்டியது. லிங்கன் பார்க் பள்ளியில் ஹர்ஸ்டன் சிறிது காலம் பாடம் நடத்தியிருக்கிறார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.)

அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியை ஸெனோபியா ஜெஃபர்சன். இவரும் கறுப்பர். தன் வகுப்பில் கை ஓடிய ஒரு பையனைக் கவனித்து அவனைப் பேக்கஸிடம் அழைத்துச் சென்றவர் இவர்தான். பையனின் பெயர் ஆல்ஃபிரட் ஹேர், 1941இல் பிறந்தவன். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'தாராள மனம் கொண்ட வெள்ளை ஆசான்' என்ற இடத்திலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் ஆசிரியையிடமிருந்து தொடங்குகிறோம். தனிப் பள்ளி, பற்றாக்குறை, பழம் பறிக்கும் பருவத்தில் காலியாகிவிடும் வகுப்பறை ஆகிய இவற்றுக்கு நடுவே ஒரு மாணவனின் கையைப் பார்த்து, அவனுக்காக ஊரின் கோட்டைத் தாண்டிப் போய் ஒரு வெள்ளையரின் கதவைத் தட்டியவர் அவர். பேக்கஸ் கதவைத் திறந்தார்; அதற்குரிய மரியாதை அவருக்கு உண்டு. தட்டியவருக்கு உரியதும் அவருக்குப் போக வேண்டும்.

ஹேருக்குச் சற்று மூத்தவர் ஹரால்ட் நியூட்டன், 1934இல் பக்கத்து கிஃபோர்டில் பிறந்தவர். வெல்வெட் துணியில் கிறித்தவ சமயக் காட்சிகள் வரைந்து விற்றுக்கொண்டிருந்தவர். பேக்கஸின் நிலக்காட்சிகளைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் திரும்பினார். இந்த இருவரைச் சுற்றித்தான் இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பு இளைஞர்கள் ஓவியர்களானார்கள். பள்ளி நண்பன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன், ஓவியம் விற்கப்போய் ஓவியனாகிவிட்டவன் என்று ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தவர்கள். நியூட்டன் வரைவதில் வல்லவர், ஹேர் வரைவதிலும் ஆள் திரட்டுவதிலும் வல்லவர்.

இங்கே வெளிப்புற ஓவியம் என்ற விஷயத்தில் சற்று நிற்போம். நேரில் போய், வெளிச்சம் மாறுவதற்குள் வரைவது ஐரோப்பிய மரபில் ஒரு புனிதச் சடங்கு மாதிரி. ஸ்டூடியோவில் உட்கார்ந்து வரைவது போலி, மண்ணில் நின்று வரைவதே உண்மை என்று ஒரு கட்சியே இருந்தது. பேக்கஸ் அப்படிப் போய் வரைந்தார். மாட்டுப் பண்ணைக்குள்ளும் கடற்கரையிலும் ஈசலோடு ஒரு வெள்ளையர் நின்றால் வழியில் போகிறவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டுப் போவார். அதே இடத்தில் 1957இல் ஒரு கறுப்பு இளைஞன் மணிக்கணக்காக நின்றால்? கடற்கரைகளே நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்த மாநிலம் அது. தனியார் பண்ணை வேலிக்குள் ஒரு கறுப்பன் எதற்காக நிற்கிறான் என்ற கேள்விக்கு 'மேகம் வரைகிறேன்' என்பது பதிலாக எடுபடுமா?

அதனால் இவர்களில் பெரும்பாலோர் பெரும்பாலான படங்களை நினைவிலிருந்து வரைந்தார்கள். காரில் போகும்போது பார்த்தது, மீன்பிடிக்கப் போனபோது பார்த்தது, சிறுவயதில் பழத்தோட்டத்துக்குப் போகும் லாரியின் பின்னாலிருந்து விடியலில் பார்த்தது. எங்கே வரைந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. வீட்டுக்குள் இடமில்லை, ஆகவே கொல்லைப்புறத்தில். மரங்களில் பலகைகளை அடித்து, வரிசையாக அட்டைகளைச் சாய்த்து வைத்து, ஒரே நேரத்தில் பத்து, பதினைந்து படங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் வானம், பிறகு எல்லாவற்றுக்கும் தண்ணீர், பிறகு மரம், கடைசியில் பறவை. ஒரு தூரிகையைக் கழுவுவதற்குள் அந்த நிறத்துக்கான வேலை எல்லா அட்டைகளிலும் முடிந்திருக்கும். வெட்டவெளியில், மர நிழலில், பிள்ளைகளும் நாய்களும் சுற்றிவர வரைந்த இந்த ஓவியங்களை யாரும் வெளிப்புற ஓவியம் என்று வகைப்படுத்துவதில்லை. வெளிப்புறம் என்ற சொல்லுக்கும் ஒரு நிறம் இருக்கிறது போலும்.

நம் கலைக்கல்லூரித் தோழர்கள் 'அவுட்டோர்' போகும் வழக்கத்தை இதோடு பொருத்திப் பார்க்கட்டும். கோயில் குளம், தேர்முட்டி, அக்ரகாரத்துத் திண்ணை, ஊர்ப் பொதுக் கிணறு என்று போய் உட்கார்ந்து வரைகிறோம். அவை அழகான கோடுகள்தான். ஆனால் குளம் என்பது நமக்கு வெறும் பிரதிபலிப்பும் படிக்கட்டும் மட்டுமா? 1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களோடு நடந்து போய்க் கையால் அள்ளிக் குடித்த தண்ணீர் ஒரு குளத்தினுடையது. அதற்காக அடி வாங்கினார்கள். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்கும், சைக்கிளில் ஏறிப் போனதற்கும் அடி வாங்கிய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள், அதே தெருவில் ஈசல் போட்டு உட்கார்வது ஒரு சாதாரணக் காரியம் இல்லை.

இனி பொருளுக்கு வருவோம். கேன்வாஸ் வாங்கக் காசில்லை. கட்டட வேலைக்குப் பயன்படும் அப்சன் போர்டு என்ற மலிவான அட்டையைப் பெரிய தாள்களாக வாங்கி வேண்டிய அளவுக்கு அறுத்தார்கள். மேலே ஷெல்லாக் பூசி மூடினார்கள். சட்டத்துக்குக் கடைச் சட்டமில்லை. வீட்டுக் கூரையின் உள்விளிம்பில் அடிக்கும் மர மோல்டிங்கை வெட்டி ஆணியடித்து, வெள்ளையும் பொன்னிறமும் தடவினார்கள். எண்ணெய் வண்ணம் காயப் பல நாள் ஆகும். காத்திருக்க முடியாது, வாடகை காத்திருக்காது. ஈரத்தோடேயே காரின் டிக்கியில் அடுக்கி, யூ.எஸ். 1 நெடுஞ்சாலையிலும் கடலோரச் சாலையிலும் கிளம்பினார்கள். மருத்துவர்களின் கிளினிக், வக்கீல் அலுவலகம், வங்கி, மோட்டல், கடை என்று ஒவ்வொரு கதவாக. ஒரு படம் 25 டாலர், சற்றுப் பெரியது 35. கேலரிகள் இவர்களை ஏற்கவில்லை. அதனால் சாலையையே கேலரியாக்கினார்கள் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேலரியில் மாட்டினால் ஓவியர் வீட்டில் தூங்கலாம். சாலையில் விற்றால் எந்த ஊரில் எந்தப் போலீஸ்காரர் நிறுத்துவார் என்று பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்த வித்தியாசத்தை இந்த அழகான வாக்கியம் விழுங்கிவிடுகிறது.

ஹேரின் கணக்கு தெளிவானது. பேக்கஸின் படம் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும். அதே தரத்தில் தான் வரைந்தாலும், கறுப்பன் கையெழுத்துக்கு அந்த விலை வராது. அப்படியானால் பேக்கஸ் ஒன்று வரைந்து முடிக்கும் நேரத்தில் நான் பத்து வரைகிறேன். முப்பத்தைந்து வயதுக்குள் மில்லியனர் ஆகிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என நண்பர்கள் நினைவுகூர்கிறார்கள். இந்த வேகம் அவருக்குப் பிடிவாதமாகக் கிடைத்த ஒரு நடையும் ஆயிற்று. அழித்து அழித்துத் திருத்த நேரமில்லாததால் தூரிகை துணிந்து போகிறது. அலை ஒரே இழுப்பில் விழுகிறது. மாலை வானம் எரிகிறது. நம் ஊரில் மே ஃபிளவர் என்றும் குல்மொஹர் என்றும் சொல்கிற செம்மயிற்கொன்றை அங்கே ராயல் பாயின்சியானா; காயலோரத்தில் தனியாக நிற்கும் அந்தச் சிவப்பு மரம்தான் இவர்களின் முத்திரைப் படம்.

இவற்றை 'மோட்டல் ஓவியம்' என்று நெடுங்காலம் கேலி செய்தார்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள், அவசரத்தில் வரைந்தார்கள், எல்லாம் தரம் ஒன்றல்ல என்பவை குற்றச்சாட்டுகள். கடைசிக் குற்றச்சாட்டை நாங்களும் ஏற்கிறோம். மொத்தம் எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. 2 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனையிலும் சோப்ளாங்கியாகக் கிடப்பவை நிறைய. நியூட்டனின் நல்ல படம் ஒன்றில் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் அந்த மஞ்சள் ஒளி, அவசரமாக வரைந்த நூறு படங்களில் வருவதில்லை. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டவர் வரைந்தது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் ஒருவகை அவமதிப்புதான். அங்கே படத்தைப் பார்க்காமல் ஆளின் பிறப்பைப் பார்க்கிறோம். ஆனால் 'அவசரம்' என்று குறை சொல்கிறவர், அவசரப்படாமல் வரையும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைவிடக் கடினமான குற்றச்சாட்டு நம் பக்கத்திலிருந்து வருவது. இந்த ஓவியங்களில் பெரும்பாலானவற்றில் மனிதர்களே இல்லை. பழத்தோட்டத்துக் கூலி இல்லை, தனிப் பள்ளி இல்லை, போராட்டம் இல்லை. இவர்கள் சரக்கு விற்கப்போன அதே யூ.எஸ். 1 சாலையில் வடக்கே போனால் மிம்ஸ் என்ற ஊர் வரும். அங்கேதான் 1951 கிறிஸ்துமஸ் இரவில், கறுப்பர்களின் வாக்குரிமைக்காகவும் ஆசிரியர்களின் சமச் சம்பளத்துக்காகவும் உழைத்த ஹாரி மூரின் வீட்டுக்கு வெடிவைத்தார்கள். அவர் அன்றிரவே இறந்தார். மனைவி ஹாரியட் ஒன்பது நாள் கழித்து இறந்தார். 1949இல் குரோவ்லாந்தில் நான்கு கறுப்பு இளைஞர்கள் மீது பொய்யான பாலியல் வல்லுறவு வழக்குப் போட்டு, ஒருவரைத் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் அறிவிக்க 2021 வரை ஆனது. அதற்குள் நால்வரும் இறந்திருந்தார்கள். இப்படி ரத்தம் தோய்ந்த மண்ணை, ஆளரவமற்ற சொர்க்கமாக வரைந்து வெள்ளையர்களின் வரவேற்பறைக்கு விற்றார்களே, இது சரணாகதி இல்லையா என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. எங்கள் பதில் வேறு. முதலாவது, வாங்குகிறவர் வெள்ளையர். மூரின் வீடு எரியும் படத்தை 25 டாலர் கொடுத்து எந்த வங்கி மேலாளர் வாங்கியிருப்பார்? பசிக்கும் வீட்டைப் பார்த்துக்கொண்டு, 'நீ ஏன் புரட்சி வரையவில்லை' என்று கேட்பது, மூன்று வேளை உத்தரவாதமாகச் சாப்பிடுகிறவர் கேட்கக்கூடிய கேள்வி. இரண்டாவது, தலித் எழுத்தாளர் என்றால் வலியை மட்டுமே எழுத வேண்டும், தலித் ஓவியர் என்றால் பறையும் மலமும் ரத்தமும் மட்டுமே வரைய வேண்டும் என்று எதிர்பார்க்கும் பொதுப்புத்தி இங்கேயும் இருக்கிறது. மற்றவர்களுக்கு நிலவும் நீரும் தாமரையும். நமக்கு ரணம் மட்டும். அந்த ஒதுக்கீட்டை நாம் கேட்கவில்லை. தன் பாட்டன் கூலியாக வேலை செய்த நிலத்தின் விடியலை, 'இது அழகு, இந்த அழகைப் பார்க்கும் கண் என்னுடையது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் ஒரு உரிமை கோரல்தான். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. நிலக்காட்சியின் மூலையில் அவர்கள் பெயர் இருந்தது. மூன்றாவது, இந்த இளைஞர்கள் எடுத்த மிகப் பெரிய அரசியல் முடிவு படத்துக்கு வெளியே இருக்கிறது: காலையில் பழத்தோட்டத்து லாரியில் ஏற மறுத்தார்கள். ஜமீனின் நிலத்தில் இறங்க மறுத்த பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

இதனால் எதிர்ப்பு ஓவியம் தேவையில்லை என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாகபுரியின் சவி சாவர்கர் தேவதாசிகளையும், கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவைக்கப்பட்ட மனிதனையும் வரைந்ததால்தான் இந்திய ஓவியத்துக்குள் சாதி என்ற சொல் நுழைந்தது. அதுவும் வேண்டும், கொன்றை மரமும் வேண்டும். ஒருவரைக் காட்டி மற்றவரை அடிக்கும் வேலையை விட்டுவிடுவோம்.

ஹேரின் கதை சுருக்கமாக முடிந்தது. 1970 ஆகஸ்டில் ஃபோர்ட் பியர்ஸில் ஒரு மதுக்கூடத்தில் நடந்த தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 29. ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் பெல்ட் அறுந்த மாதிரி ஆயிற்று. சிலர் தொடர்ந்தார்கள், சிலர் வேறு வேலைக்குப் போனார்கள். விற்பனைக்காரராக வந்து, டிக்கியில் ஈரம் கலைந்த படங்களைச் சரிசெய்யப் போய் ஓவியரான அல் பிளாக் பிற்காலத்தில் சிறைக்குப் போனார். அங்கேயும் சிறைச்சுவர்களில் காயலையும் கொக்குகளையும் வரைந்தார்.

அப்புறம் இருபத்தைந்து ஆண்டு கழித்து உலகம் கண்டுபிடித்தது. 1990களின் நடுவில் ஜிம் ஃபிட்ச் என்ற வெள்ளைக் கலை ஆர்வலர் இவர்களைப் பற்றி எழுதும்போது 'ஹைவேமென்' என்று பெயர் வைத்தார். நெடுஞ்சாலை மனிதர்கள் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வழிப்பறிக் கொள்ளையர் என்று பொருள். கௌரவமாக வேலை செய்து, கதவைத் தட்டி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு வழிப்பறிக்காரர்கள் என்று பெயர்! ஓவியர்களில் சிலருக்கு அது உறுத்தியது. சிலர் பெயரால் சரக்கு விற்கிறது, இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஹேரும் 1994இல் இறந்த நியூட்டனும் அந்தப் பெயர் பரவும் முன்பே போய்விட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பெயர் வைப்பவர் யார், பெயர் தாங்குபவர் யார் என்பது நமக்குப் பழைய வழக்கு. 'ஹரிஜன்' என்ற பெயரை வைத்தவர் அன்போடுதான் வைத்ததாகச் சொன்னார்.

2001இல் கேரி மன்ரோவின் புத்தகம் வந்தது. 2004இல் ஃபுளோரிடா அரசு தன் கலைஞர்கள் கௌரவப் பட்டியலில் 26 பேரைச் சேர்த்தது. அந்த எண் உடனே வேலியாகிவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆயிரங்கள். அதே கொல்லையில் அதே அட்டையில் வரைந்து பட்டியலில் விடுபட்டவருக்குச் சந்தையில் மதிப்பில்லை. சட்டமடித்த பிள்ளைகள், ஷெல்லாக் பூசிய மனைவிகள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

26 பேரில் ஒரே பெண் மேரி ஆன் கேரல். 1940இல் பிறந்தவர், நியூட்டன் வரைவதைப் பார்த்துக் கற்றவர். ஏழு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். தச்சு வேலை, வீட்டுக்கு வண்ணமடிக்கும் வேலை, புல் வெட்டும் வேலை எல்லாம் செய்துகொண்டே வரைந்து, தானே காரோட்டிப் போய் விற்றார். கறுப்பு ஆணுக்கே ஆபத்தான சாலையில் ஒரு கறுப்புப் பெண் தனியாக, பின்னால் ஈர ஓவியங்களோடு. பிற்காலத்தில் மதபோதகராகவும் இருந்தார். 2011இல் வாஷிங்டனில் மிஷெல் ஒபாமாவுக்குத் தன் ஓவியம் ஒன்றைப் பரிசளித்தார். 2019இல் காலமானார். அந்த 2011 புகைப்படத்தைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். எங்களுக்கு அவர் புல் வெட்டிய ஆண்டுகளைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட வேண்டும் என்று தோன்றுகிறது. இருபத்தைந்து பேரைப் பற்றிப் பேசும்போது 'குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்' என்று யாரும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்து.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் கலையைப் பற்றிய பேச்சில் நாகரிகமாகத் தவிர்க்கப்படுவது இதுதான். 25 டாலருக்கு விற்ற படங்கள் இன்று ஆயிரக்கணக்கில் போகின்றன, நியூட்டனும் ஹேரும் என்றால் பல ஆயிரங்கள். பழைய மருத்துவரின் பேரன் பரணிலிருந்து இறக்கி விற்கிறார், சேகரிப்பாளர் வாங்கி மேலும் ஏற்றி விற்கிறார். ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு காசு இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு கிடையாது. கலிஃபோர்னியா 1976இல் அப்படி ஒரு சட்டம் போட்டது. 2018இல் நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் செல்லாததாக்கிவிட்டது.

நம் நாட்டில் அந்தச் சட்டம் இருக்கிறது என்பது பல ஓவியத் தோழர்களுக்கே தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 53-ஏ என்ற பிரிவு, 1994 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. அதன்படி, ஓர் ஓவியத்தின் மூலப் படைப்பு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் பதிப்புரிமையாளரான ஓவியருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ அந்த விலையில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. பங்கு 10 சதவீதத்தைத் தாண்டாது. எழுதியிருப்பது நல்ல சட்டம். ஆனால் மறுவிற்பனை நடந்ததே ஓவியருக்குத் தெரியாவிட்டால் எதைக் கேட்பது? பெரிய கேலரிகளோடு பழகும் ஓவியருக்காவது செய்தி காதுக்கு வரும். ஆயிரம் இரண்டாயிரத்துக்குக் கண்காட்சித் திடலில் விற்றுவிட்டு வரும் நம் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

இதைவிட மோசமானது, பெயரே இல்லாமல் போவது. சினிமா பேனரும் கட்-அவுட்டும் தட்டியும் வரைந்தவர்கள், கட்சிச் சுவர் எழுதியவர்கள், நம் சேரிகளின் நுழைவுச் சுவரில் நீலக் கோட்டு அம்பேத்கரை ஏணியில் நின்று வரைந்தவர்கள் என எத்தனை கைகள் ஃபிளெக்ஸ் எந்திரம் வந்ததும் சுண்ணாம்படிக்கப் போயின. ஃபோர்ட் பியர்ஸ்காரர்கள் படத்தின் மூலையில் பெயரெழுதி வைத்ததால்தான் முப்பது ஆண்டு கழித்தும் ஒரு பழைய சாமான் கடையில் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தவர் 'இது யார்' என்று தேடிப் போக முடிந்தது. நம் சுவர்களில் பல அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஓவியரின் பெயரோடு மறைந்துவிடும்.

அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, நீக்ரோக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கியவர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மனுவையும் இயக்கத்தையும் அங்கிருந்து கேட்டு வாங்கியவர்கள், ஒரு பழக்கத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஓவியக் கல்லூரியில் இருக்கும் தோழர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். விற்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: தேதி, அளவு, எதில் வரைந்தது, விலை, வாங்கியவர் பெயர், தொலைபேசி எண். செல்பேசியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு படம். பின்பக்கத்தில் முழுப்பெயரும் ஊரும் ஆண்டும், அழியாத மையில். வாங்கியவரிடம், இதை விற்றால் எனக்குத் தெரிவியுங்கள் என்று எழுதிய துண்டுச் சீட்டில் ஒரு கையெழுத்து. உங்கள் தெருவில் அம்பேத்கர் படம் வரைந்த பெரியவர் இன்னும் இருந்தால், அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து எந்தெந்தச் சுவர், எந்த ஆண்டு, எவ்வளவு கூலி என்று கேட்டு அதே நோட்டின் பின்பாதியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் சுவரைப் படமெடுத்து, அவர் பெயரைப் போட்டு எங்களுக்கும் அனுப்புங்கள், ஒவ்வொன்றாக வெளியிடுகிறோம்.